லைசென்ஸ் வேண்டாத படகு... லைஃப் ஜாக்கெட்டும் வேண்டாமா?

"அப்பா, லைசென்ஸே வேண்டாமாம்! பாஸ்போர்ட்டைக் காட்டி, பணத்தைக் கட்டினா படகைக் கையிலேயே கொடுத்துடறாங்க. நாமே ஓட்டிக்கிட்டுப் போகலாம்!"

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் இப்படிச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே உற்சாகம். பேரன் இப்போதே குதிக்க ஆரம்பித்துவிட்டான். அம்மாவுக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது.

"உனக்குப் படகு ஓட்டத் தெரியுமாடா?"

"அதான் லைசென்ஸே வேண்டாம்னு சொல்றாங்களேம்மா... அப்புறம் என்ன?"

அந்த 'அப்புறம் என்ன?' என்ற கேள்விக்குத்தான் இந்தப் பாடம்.

மகனோ மகளோ ஐரோப்பாவில் இருந்தால், கோடையில் ஒரு மாதம் போய்த் தங்கிவிட்டு வருவது இப்போது பல வீடுகளில் சகஜமாகிவிட்டது. அப்படிப் போகிறவர்களை அங்கேயே ஒரு வாரம் கடற்கரை ஊருக்கும் கூட்டிப் போவார்கள். ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா, மெனோர்க்கா தீவுகளில் சின்ன மோட்டார் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். நம்மில் பலருக்குப் படகு என்றால் கொடைக்கானல் ஏரியில் மிதித்த பெடல் படகுதான். முட்டுக்காட்டில் மோட்டார் படகு ஏறியிருந்தாலும், ஓட்டுவதற்கு ஆள் இருந்திருப்பார். இங்கே ஓட்டுவது நீங்கள், போவது கடலில்!

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்பெயினில் 5 மீட்டர் நீளத்துக்கு மேற்படாத, சுமார் 15 குதிரைத்திறனுக்கு மேற்படாத மோட்டார் படகை 18 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம். பகலில் மட்டும்தான். துறைமுகத்திலிருந்து 2 கடல் மைலுக்கு மேல் போகக்கூடாது. நம் கணக்கில் அது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். நாட்டுக்கு நாடு இந்த அளவு மாறும். பிரான்ஸில் 6 குதிரைத்திறன் வரைக்கும்தான் அனுமதி. கிரீஸில் 30 வரை உண்டு.

நன்றாகக் கவனியுங்கள். சட்டம் உங்களைச் சோதித்துப் பார்த்து 'பாஸ்' போடவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, படகுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. அவ்வளவுதான்! ஆனால் கடல் அதே கடல்தான். அதற்குச் சின்னப் படகு, பெரிய படகு என்ற தாட்சண்யம் கிடையாது.

கரையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்

படகைக் கொடுப்பவர் பத்து நிமிடம் விளக்கிச் சொல்வார். அந்தப் பத்து நிமிடம் செல்ஃபி எடுப்பதற்கான நேரம் அல்ல! புரியாவிட்டால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். முன்னால் போக, பின்னால் வர, நடுவில் நிறுத்த... மூன்றுக்கும் ஒரே கைப்பிடிதான். அதை அவர் பக்கத்தில் இருக்கும்போதே நாலு தடவை இயக்கிப் பாருங்கள்.

கார் ஓட்டுகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறந்தாக வேண்டும். ஒன்று, படகுக்கு பிரேக் கிடையாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் அது வழுக்கிக்கொண்டே போகும். இரண்டு, நீங்கள் ஒரு பக்கம் திருப்பினால் படகின் பின்பாகம் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அந்தப் பக்கம் யாராவது நீந்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

எத்தனை பேர் ஏறலாம் என்று படகிலேயே எழுதியிருக்கும். "குழந்தைதானே, மடியில் வச்சுக்கறேன்" என்ற நம்மூர் பஸ் கணக்கு இங்கே வேண்டாம். எரிபொருளை மூன்று பங்காக வைத்துக்கொள்ளுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு.

ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும்

லைஃப் ஜாக்கெட் பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் கிடக்கும். "அதான் படகில் இருக்கே" என்று திருப்திப்பட்டுக்கொள்வோம். தண்ணீரில் விழுந்த பிறகு அதை எடுத்து மாட்டிக்கொள்வது, நீச்சல் தெரிந்தவருக்கே பெரும்பாடு. நமது குடும்பங்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? கிணற்றில் குதித்துப் பழகிய தாத்தாவுக்குத் தெரியும். அப்பாவுக்குக் கொஞ்சம். அம்மாவுக்கும் மருமகளுக்கும்?

அதனால் படகில் காலை வைக்கும் முன்பே ஜாக்கெட் போட்டாக வேண்டும். நீந்தத் தெரியாதவர்களும் குழந்தைகளும் கரைக்குத் திரும்பும் வரை அதைக் கழற்றவே கூடாது. குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்ற தனி ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். பெல்ட்டை மாட்டிய பிறகு, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் பெரிய சைஸ் என்று அர்த்தம். கால்களுக்கு இடையே போகும் பட்டை இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். கையில் ஊதிக் கட்டும் ரப்பர் வளையம் விளையாட்டுப் பொருள். உயிர் காக்காது.

புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சுரிதாரே சௌகரியம். துப்பட்டாவை ஹோட்டல் அறையிலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அந்தச் சிவப்புக் கயிறு

எஞ்சின் சாவிக்குப் பக்கத்தில் டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். ஒரு முனை எஞ்சினில், மறுமுனை ஓட்டுபவரின் தொடையைச் சுற்றி! அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்த நொடியே எஞ்சின் நின்றுவிடும்.

இது இல்லாவிட்டால்? 2013 மே மாதம் இங்கிலாந்தில் பேட்ஸ்டோ என்ற ஊர் அருகே, வேகப் படகில் போன ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டார்கள். ஆள் இல்லாத படகு நிற்காமல் வட்டமடித்து வந்து அவர்கள் மீதே மோதியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்துபோனார்கள். தாய்க்கும் பலத்த காயம். படகை ஓட்டியவர் அந்தக் கயிற்றை மாட்டியிருக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. இத்தனைக்கும் அது அவர்களுடைய சொந்தப் படகு. ஒரு முழக் கயிறு... மாட்ட இரண்டு விநாடி!

காற்று சொல்வதைக் கேளுங்கள்

கோடையில் இந்தக் கடல் காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற, நிலம் சூடாகிக் கடலிலிருந்து காற்று கிளம்பும். மதியத்துக்கு மேல் அலையும் எழும். ஆகவே காலையில் போய், மதியச் சாப்பாட்டுக்குக் கரைக்கு வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று இன்னும் மோசமான ஆசாமி. கரையோரம் அமைதியாக இருக்கிறதே என்று போவீர்கள். உள்ளே போகப் போக அலை பெரிதாகும். எஞ்சின் நின்றுவிட்டால் படகை இன்னும் தூரமாகத் தள்ளிக்கொண்டு போகும். எந்த நாளானாலும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது காற்று உங்களுக்கு உதவும். கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் அன்றைக்குப் படகே வேண்டாம்.

குளிக்க இறங்கும்போது

கரையோரம் குளிப்பவர்களுக்காக மஞ்சள் மிதவைகள் போட்டிருப்பார்கள். அதற்குள் படகைக் கொண்டுபோகக் கூடாது. மிதவை இல்லாத இடத்தில், மணல் கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் மற்றக் கரையிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் வேகம் 3 நாட்டைத் தாண்டக்கூடாது. அதாவது வேகமாக நடக்கிற வேகம்தான்.

நீங்கள் குளிப்பதாக இருந்தால், நங்கூரம் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் இறங்கலாம். அதற்கும் முன்னால் ஏணியைத் தண்ணீரில் இறக்கிவிட்டீர்களா என்று பாருங்கள்! குதிப்பது சுலபம். ஏணி இல்லாமல் தண்ணீரிலிருந்து படகில் ஏறுவது வாட்டசாட்டமான ஆளுக்கே முடியாத காரியம். எல்லோரும் ஒரே நேரத்தில் குதிக்காமல், படகு ஓட்டத் தெரிந்த ஒருவர் மேலேயே இருக்க வேண்டும்.

இந்தத் தீவுகளில் கடலடியில் பொசிடோனியா என்ற புல்வெளி உண்டு. அதன் மேல் நங்கூரம் போடுவது சட்டப்படி குற்றம். மேலிருந்து பார்த்தால் கருமையாகத் தெரிவது புல். வெளிறித் தெரிவது மணல். மணலில் போடுங்கள்.

ஜெல்லி மீன் கொட்டிவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். தேய்க்காதீர்கள், குடிதண்ணீரும் ஊற்றாதீர்கள். எரிச்சல் கூடும்.

வாந்தி, வெயில், முதுகு

படகில் ஏன் குமட்டுகிறது? உடம்பு ஆடுகிறது என்று உட்காது சொல்கிறது. பக்கத்தில் இருக்கும் பையைப் பார்க்கும் கண்ணோ, ஆடவில்லை என்கிறது. மூளை குழம்பிப்போகிறது. தொடுவானத்தைப் பாருங்கள், குழப்பம் குறையும். செல்போன் பார்க்காதீர்கள். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். வாந்தி மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். இந்த மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். ஆகவே படகு ஓட்டுபவர் போடக்கூடாது. குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் தர வேண்டாம்.

கடல் காற்றில் வெயில் உறைக்காது. ஆனால் தோலைச் சுட்டுவிடும். தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, நிறையக் குடிதண்ணீர் அவசியம். ரத்த அழுத்தத்துக்காகச் 'சிறுநீர் மாத்திரை' சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் தண்ணீர் சீக்கிரம் குறையும். சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாமல், கையில் கொஞ்சம் குளுகோஸோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். இன்சுலினை வெயிலில் வைக்காதீர்கள். பீர், ஒயின் எல்லாம் படகைத் திருப்பிக் கொடுத்த பிறகு!

"முன்னால் உட்கார்ந்தால்தான் ஜாலி" என்பார்கள். பெரிய கப்பல் கிளப்பிவிட்ட அலையில் ஏறி இறங்கும்போது படகின் முன்பாகம் தொப்பென்று விழும். அந்த அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். இப்படி முள்ளெலும்பு நசுங்கிப் படுக்கையில் விழுந்தவர்கள் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம். அவர்களை நடுவிலோ பின்னாலோ உட்கார வையுங்கள். அலை வருகிறதா? வேகத்தைக் குறையுங்கள். கர்ப்பிணிகள் இந்தச் சவாரியைத் தவிர்த்துவிடலாம்.

யாராவது விழுந்துவிட்டால்...

முதலில் நீங்கள் குதிக்காதீர்கள்! ஒருவர் கையை நீட்டி, விழுந்தவரைக் காட்டிக்கொண்டே இருக்கட்டும். கண்ணை எடுத்தால் அலையில் தலை மறைந்துவிடும். மிதவை வளையத்தை எறியுங்கள். மெதுவாகச் சுற்றி வந்து, நெருங்கியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, ஏணிப் பக்கம் இழுங்கள். சினிமாவில் வருவதுபோல் மூழ்குபவர் "காப்பாத்துங்க!" என்று கத்த மாட்டார். சத்தமே இல்லாமல் போய்விடுவார்.

மூச்சு இல்லையென்றால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 முறை வேகமாக, அழுத்தமாக அமுக்குங்கள். 2 முறை ஊதுங்கள். உதவி வரும் வரை இப்படியே 30, 2 என்று தொடருங்கள். பிழைத்து எழுந்தவரையும், தண்ணீர் குடித்துவிட்டு இருமிக்கொண்டே இருப்பவரையும் ஆஸ்பத்திரியில் காட்டியாக வேண்டும்.

ஸ்பெயினில் அவசர உதவிக்கு 112. கடல் மீட்புப் படைக்கு 900 202 202. படகில் ரேடியோ இருந்தால் 16-ஆம் சானல். போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். படகு கவிழ்ந்தால் கரை பக்கத்தில்தானே என்று நீந்தப் போகாமல் படகையே பிடித்துக்கொள்ளுங்கள். தேடுகிறவர்களுக்குத் தலையைவிடப் படகுதான் சுலபமாகத் தெரியும்.

கடைசியாக, அம்மாவிடம் வருவோம்

"உனக்குப் படகு ஓட்டத் தெரியுமாடா?" என்று கேட்ட அம்மாவைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாதீர்கள். அன்றைக்குக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவர்தான் கேட்டிருக்கிறார். பேசாமல் அவரையே பரிசோதகர் ஆக்கிவிடுங்கள். எல்லோரும் ஜாக்கெட் போட்டாச்சா? சிவப்புக் கயிறு மாட்டியாச்சா? ஏணி எங்கே இருக்கு? போன் இருக்கா? கொடி என்ன நிறம்? ஐந்துக்கும் சரியான பதில் வந்தால்தான் அவர் 'சரி' சொல்ல வேண்டும்.

ஒன்று குறைந்தாலும் கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள். அல்லது கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, ஓட்டுநரோடு படகை எடுங்கள். அதில் ஒன்றும் கௌரவம் குறைந்துவிடாது.

லைசென்ஸ் இல்லாமல் படகு கிடைக்கும். பேரன் சிரித்துக்கொண்டே கரை ஏற வேண்டுமானால், அதற்குக் கொஞ்சம் பயமும் கூடவே வர வேண்டும்!