'இல்லை' எங்கே இருக்கிறது?

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். இதைவிட வேகமாக எதுவும் செல்ல முடியாது. இந்த உண்மையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், மாணவர் பலர் 'எனிதிங் கேன்நாட் டிராவல் ஃபாஸ்டர்' என்று தொடங்குகிறார்கள். இயற்பியல் சரி, ஆங்கிலம் தவறு. காரணம் என்ன?

இன்னார், இன்னது என்று குறிப்பிடாத பிரதிப்பெயர்கள் ஆங்கிலத்தில் பல உண்டு. பொருளுக்கு ஸம்திங், எனிதிங், எவ்ரிதிங், நத்திங். ஆளுக்கு ஸம்பாடி, எனிபாடி, எவ்ரிபாடி, நோபாடி.

தமிழில் 'எதுவும் நடக்கலாம்', 'எதுவும் நடக்காது' என்கிறோம். இரண்டிலும் எழுவாய் ஒன்றே. மறுப்பு வினையில்தான் இருக்கிறது. ஆங்கிலத்திலோ முன்னது 'எனிதிங் மே ஹேப்பன்'. பின்னது 'நத்திங் வில் ஹேப்பன்'. மறுப்பு எழுவாயில் ஏறிக்கொள்கிறது. வினை உடன்பாடாகவே நிற்கிறது. ஆகவே 'நத்திங் கேன் டிராவல் ஃபாஸ்டர்' என்பதே சரி.

இரண்டு இடத்திலும் மறுப்பை வைத்து 'நத்திங் கேன்நாட்' என்று எழுதினால்? கழித்தலும் கழித்தலும் பெருகினால் கூட்டல் அன்றோ! எல்லாமே ஒளியை முந்தும் என்று பொருளாகிவிடும்.

அப்படியானால் 'எனிதிங்' மறுப்போடு வரவே வராதா? வரும். 'ஐ டிட் நாட் ஸீ எனிதிங்' சரியான வாக்கியமே. இங்கே 'நாட்' முன்னே வந்துவிட்டது. மறுப்பு முன்னே, 'எனி' பின்னே என்று நினைவில் கொள்க.

இன்னொரு சிக்கல். 'எல்லாப் பொருளும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை' என்றால் சில கடத்தும், சில கடத்தா என்று புரிந்துகொள்கிறோம். செம்பு கடத்தும், கண்ணாடி கடத்தாது. இதை 'நாட் எவ்ரிதிங் கண்டக்ட்ஸ்' எனத் தொடங்க வேண்டும். 'நத்திங் கண்டக்ட்ஸ்' என்றால் செம்பும் கடத்தாப் பொருளாகிவிடும்! எவ்ரிதிங், நத்திங் இரண்டும் ஒருமை என்பதால்தான் வினையின் இறுதியில் 'ஸ்' வருகிறது.

சொல்லிடைவெளியும் முக்கியம். நியூட்டன் 1687-இல் லத்தீனில் வெளியிட்ட முதல் இயக்க விதி, 1729-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் 'எவ்ரி பாடி' என்று தொடங்குகிறது. இரண்டு சொற்கள், கல், பந்து, கோள் என ஒவ்வொரு பருப்பொருளையும் குறிக்கும். சேர்த்து எழுதினால் 'எல்லோரும்' என்றாகி, விதி மனிதருக்கு மட்டுமே உரியதாகிவிடும்!

இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்:
1. 1969-க்கு முன் யாரும் சந்திரனில் நடந்ததில்லை.
2. நீரில் போடும் எல்லாமே மிதப்பதில்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றிலும் 'இல்லை' எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தேடுங்கள்.