விலை உயர்ந்த மதர்போர்டை எடைபோடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

முதலில் கசப்பான செய்தி. அறுபதாயிரம் ரூபாய் மதர்போர்டில் ஓடும் கேம், அதே பிராசஸரை இருபதாயிரம் ரூபாய் போர்டில் மாட்டினாலும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடும். கூடுதல் பணம் போவது மின்சார வழங்கல், ஸ்லாட்டுகள், பயாஸ், ஓவர்கிளாக்கிங் வசதிகள் ஆகியவற்றுக்கு. அவை உங்களுக்குத் தேவையா என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

படி 1: பிராசஸரை முடிவு செய்யுங்கள்

இன்டெலில் ஓவர்கிளாக் செய்ய, பெயரில் 'கே' உள்ள பிராசஸரும் 'இசட்' வரிசை சிப்செட்டும் வேண்டும்: 12 முதல் 14ஆம் தலைமுறை வரை இசட்690 அல்லது இசட்790, கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு இசட்890. பி760 போர்டில் ரேம் வேகத்தைக் கூட்டலாம். பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியைத் தொட முடியாது.

ஏ.எம்.டி. இதில் தாராளம். ஏ.எம்.5 சாக்கெட்டில் பி650, பி850 போர்டுகளே ஓவர்கிளாக்கிங்கை அனுமதிக்கின்றன. ஆனால் கேமர்கள் கொண்டாடிய ரைசன் 7 7800எக்ஸ்3டி-யின் பெருக்கி பூட்டப்பட்டது. அதற்குப் போய் ஓவர்கிளாக்கிங் போர்டு வாங்குவது வீண் செலவு.

படி 2: வி.ஆர்.எம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை, பிராசஸருக்கு வேண்டிய சுமார் 1.2 வோல்ட்டாக இறக்குவது வி.ஆர்.எம். பெட்டியில் '18+2+2' என்று இருந்தால், 18 கட்டங்கள் கோர்களுக்கு, மீதி மற்ற பகுதிகளுக்கு.

கோர் ஐ9-14900கே-யின் உச்ச மின்வரம்பு 253 வாட். 1.2-ஆல் வகுத்தால் சுமார் 210 ஆம்பியர். 16 கட்டங்களில் மட்டும் பிரித்தாலும் ஒவ்வொன்றும் சுமார் 13 ஆம்பியர்தான் சுமக்கிறது. இப்போது பெட்டியைப் பாருங்கள்: ஒவ்வொரு கட்டமும் 110 ஆம்பியர் தாங்கும் என்கிறது! வரம்பைத் தளர்த்தி முடுக்கினாலும் மிச்சம் நிறைய. அதனால் 18 பெரிதா 24 பெரிதா என்ற சண்டையில் இறங்காதீர்கள்.

பார்க்க வேண்டியது ஹீட்சிங்க். காற்று புகும் வெட்டுகளோடு கனமான அலுமினியமா, அல்லது விளக்கு ஒளிரும் பிளாஸ்டிக் மூடியா? லிக்விட் கூலர் போடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஏர் கூலரின் விசிறி போகிற போக்கில் வி.ஆர்.எம்.மையும் குளிர்விக்கும், லிக்விட் கூலரில் அந்தக் காற்று இல்லை. விமர்சகர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் சோதிக்கிறார்கள். சென்னையில் மே மாதம் ஏ.சி. இல்லாத அறையென்றால், அவர்கள் சொல்லும் வெப்பத்தோடு 10 டிகிரியாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: வாங்கும் முன்பே மேனுவலைப் படியுங்கள்

மேனுவல் நிறுவனத் தளத்தில் இலவசம். எம்.2 ஸ்லாட் பற்றிய பக்கத்தில் பொடி எழுத்துக் குறிப்பைத் தேடுங்கள். இசட்790-இல் பிராசஸர் தரும் பி.சி.ஐ.இ. 5.0 பாதைகள் 16 மட்டுமே. ஐந்தாம் தலைமுறை எஸ்.எஸ்.டி.க்கு என்று ஒரு ஸ்லாட் இருந்தால், அது கிராஃபிக்ஸ் கார்டின் பாதையிலிருந்து பிடுங்கியதுதான். அதில் எஸ்.எஸ்.டி.யைச் செருகியதும் கார்டு 16-லிருந்து 8 பாதைக்கு இறங்கும். ஏ.எம்.டி.யின் எக்ஸ்870 வகையில் கட்டாயமான யு.எஸ்.பி.4, பல போர்டுகளில் இரண்டாம் எம்.2 ஸ்லாட்டோடு பாதைகளைப் பங்குபோடுகிறது. கேமில் இழப்பு சொற்பம்தான். ஆனாலும் காசு கொடுத்த பிறகு தெரிந்தால் எரிச்சல் வரும்.

படி 4: ரேம் ஸ்லாட்டுகளை எண்ணுங்கள்

குறைவாக இருப்பதே இங்கே உயர்வு. ஆசுஸின் அபெக்ஸ், கிகாபைட்டின் டாக்கியான் போன்ற சாதனை முயற்சிப் போர்டுகளில் இரண்டே ஸ்லாட். தடங்கள் குட்டையாக இருப்பதால் சிக்னல் சுத்தமாக வரும், அதிவேக டி.டி.ஆர்.5 நிலையாக ஓடும். ரைசன் 7000-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அதிகாரபூர்வ வேகம் 5200-லிருந்து 3600-க்கு விழுகிறது. நான்கு ஸ்லாட் போர்டு வாங்கினாலும் இரண்டு ரேமோடு நிறுத்துங்கள். ரைசனுக்கு 6000 வேகத்தில் சி.எல்.30 ரேம் போதும்.

படி 5: பயாஸ் வரலாற்றைப் பாருங்கள்

2023-இல் சில ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் கருகியதும், எஸ்.ஓ.சி. வோல்ட்டேஜை 1.3-க்குள் கட்டுப்படுத்தும் பயாஸ்கள் வந்தன. 2024-இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் நிலைகுலைந்த சிக்கலுக்கும் மருந்து பயாஸ் வழியாகவே வந்தது. அதனால் நிறுவனத் தளத்தில் அந்தப் போர்டுக்கு எத்தனை நாளுக்கொரு முறை புதுப் பதிப்பு வருகிறது என்று பாருங்கள். பிராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன், பிழைக் குறியீடு காட்டும் இரண்டிலக்கத் திரை, பின்பக்க கிளியர் சிமாஸ் பட்டன் மூன்றும் இருந்தால் ஓவர்கிளாக்கருக்குப் பாதி தலைவலி மிச்சம்.

படி 6: கடையிலேயே சோதியுங்கள்

போர்டு ஈ-ஏ.டி.எக்ஸ். என்ற பெரிய அளவில் இருந்தால், உங்கள் கேபினட் அதைத் தாங்குமா என்று கடைக்குப் போகும் முன்பே அளந்துகொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் சாக்கெட் மூடியைக் கழற்றி, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பின்களைப் பாருங்கள். வரிசை கலைந்து ஒன்று மட்டும் வேறுவிதமாக மின்னினால் அது வளைந்த பின், வாங்காதீர்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது கடினம். அந்தப் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரப்படுத்துங்கள். போர்டைச் சர்வீஸுக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.