சிரட்டைக் கரியும் மின்சாரமும்

தேங்காய்ச் சிரட்டை (கொட்டாங்கச்சி) மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைக் கரியாக்கி, ஆலையில் சுமார் 800 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேற்றினால் நன்கு கடத்தும். பிற பொருள்கள் ஆவியாகி வெளியேற, கரியணுக்கள் நெருங்கி இணைவதே இதற்குக் காரணம். பின்னர் நீராவியில் பதப்படுத்தும்போது நுண்துளைகள் பெருகி, 1 கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டருக்கும் அதிகமாகிறது. அதாவது சுமார் 25 சென்ட் நிலம்! இப்பரப்பில் மின்னூட்டம் தங்குவதால், மின்சாரத்தை விரைவில் சேமித்துத் தரும் சூப்பர் கெப்பாசிட்டர்களில் இக்கரி பயன்படுகிறது.

குழியில் சுடும் கரி பொதுவாக அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. ஆலைக்கு ஏற்ற மூலக்கரி தயாரிப்பதே விவசாயிகளின் பங்கு. அதற்கான குறிப்புகள்:

1. முற்றிய, உலர்ந்த சிரட்டையை நார் நீக்கிச் சுட வேண்டும். 3 முதல் 4 கிலோவுக்கு 1 கிலோ கரி கிடைக்கும்.

2. மண்ணும் சாம்பலும் சேரக் கூடாது. சேர்ந்தால் கரியின் மின் குணம் கெடும்.

3. புகை அடங்கியதும் காற்றுப் புகாமல் மூடி ஆறவிட வேண்டும். நீர் தெளித்தால் ஈரம் ஏறி விலை குறையும்.

4. நன்கு வெந்த கரி உடைத்த இடத்தில் பளபளக்கும். கல்தரையில் போட்டால் 'கணீர்' என ஒலிக்கும்.

எச்சரிக்கை: கரியை வீட்டு மின்சாரத்தில் இணைத்துச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து.