மறதி நோயுள்ளவருக்கு இடுப்பு ஆபரேஷன் செய்யலாமா?

மயிலாப்பூர், தி.நகர் பக்கத்துப் பழைய வீடுகளில் ஈரமான பாத்ரூம் தரையில் வழுக்கி இடுப்பு முறியும் முதியவர்கள் பலர். அவர்களுக்கு மறதி நோயும் இருந்தால் பிள்ளைகள் தயங்குகிறார்கள்: “எதுவுமே ஞாபகமில்லாதவங்களுக்கு இந்த வயசுல ஆபரேஷன் தேவையா?”

பெரும்பாலும் தேவைதான். ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் உயிர் போகிற வலி. கூடவே படுக்கைப் புண், நிமோனியா. மூட்டுத் தேய்மானத்துக்காகச் செய்யும் மாற்று அறுவை சிகிச்சைக்கு நிதானமாக யோசிக்கலாம். முறிவுக்கு அந்த அவகாசம் கிடையாது. அனுமதித்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் நடக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி. ஏற்கெனவே படுத்த படுக்கையாக, இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு வலி நிவாரணம் மட்டும் போதுமா என்று டாக்டரிடம் பேசுங்கள்.

எதிர்பார்ப்பிலும் தெளிவு வேண்டும். மறதி நோய் உள்ளவர்களில் பழையபடி நடப்பவர்கள் குறைவு. முதல் ஓராண்டில் இறப்பும் அதிகம். ஆனால் வலி குறையும், உட்கார வைக்க முடியும், பலரை நடக்கவும் வைக்கலாம். மூட்டை மாற்றுவதானால் முழு மூட்டா, பாதி மூட்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். பாதி மூட்டு நழுவும் வாய்ப்பு குறைவு. சொன்ன எச்சரிக்கை நினைவில் நிற்காதவருக்கு அது முக்கியம்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய நாட்களில் திடீர்க் குழப்பம் வரலாம்: இரவெல்லாம் விழிப்பு, ட்ரிப்ஸைப் பிடுங்குவது, ஆள் தெரியாமல் கத்துவது. பழகிய முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடி, காதுக் கருவி, பல் செட்டை மறக்காமல் போட்டுவிடுங்கள். தண்ணீர் குடிக்கிறாரா, மலம் போகிறதா என்று கவனியுங்கள். சிறுநீர்க் குழாயை எப்போது எடுக்கலாம் என்று தினமும் கேளுங்கள்.

“வலிக்கிறது” என்று அவருக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம். புருவம் சுருங்கும், கட்டில் கம்பியைக் கை இறுகப் பற்றும், புரட்ட வருபவரை அடிப்பார். இதை முரண்டு என்று எண்ணி மயக்க மாத்திரை கொடுத்துவிடுவதுண்டு. வலி மருந்தை நேரப்படி கொடுக்கச் சொல்லுங்கள்.

மறுநாளே எழுப்பி உட்கார வைக்கும் பிசியோதெரபிஸ்டை, “ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று தடுக்காதீர்கள். “வாக்கரைப் பிடிங்கம்மா” என்பதுபோல் ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொன்னால் போதும்.

வீட்டில் உயரமான வெஸ்டர்ன் கமோடு, கைப்பிடி, இரவு விளக்கு வேண்டும். எலும்பு வலுவுக்கான மருந்தையும் கேட்டுத் தொடங்குங்கள். அடையாறுக்குப் பக்கத்தில், கிண்டியில் 2024-ல் திறந்த அரசு தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567.

இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், என்ன சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார், என்னென்ன மாத்திரை. அனுமதிக்கும்போது அதை நர்ஸிடம் கொடுங்கள்; நோயாளி சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லும்.