கருப்பைப் புற்றுநோயும் உடலில் வாழும் நுண்ணுயிர்களும்

நகர சபையின் மூத்தோர் நிலையத்தில் நடைபெற்ற சுகாதாரத் தகவல் கூட்டமொன்றில் நான் மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றினேன். கூட்டம் முடிந்தபின், எழுபது வயதை எட்டிய அம்மா ஒருவர் என்னை அருகழைத்துச் சொன்னார்: “எனக்குக் கிருமி இல்லையெண்டு கடிதம் வந்திட்டுது. இனிக் கருப்பைப் புற்றுநோய்க்குப் பயமில்லை. இடைக்கிடை கொஞ்சம் இரத்தம் படுது, அது வயசுக்குத்தானே தங்கச்சி?”

அவருக்கு வந்த கடிதம் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையின் முடிவு. அவர் அதைக் கருப்பை முழுமைக்குமான நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார். அன்றே அவரைக் கூட்டத்துக்கு வந்திருந்த தாதியிடம் அழைத்துச் சென்றேன். அதன் பின் நடந்தவை அவருக்கும் அவருடைய வைத்தியருக்கும் உரியவை. ஆயினும் அவருடைய தவறான புரிதலில் எங்கள் மொழிக்கும் பங்குண்டு. பேச்சுவழக்கில் நாம் இரண்டு உறுப்புப் பகுதிகளையும் ‘கருப்பை’ என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறோம். கருப்பையின் கீழ்ப்புற வாயிலே கருப்பைக் கழுத்து. மாதந்தோறும் வளர்ந்து உதிரும் உட்படலம் இருப்பதோ கருப்பையின் உள்ளே. அந்த உட்படலத்தில் தோன்றும் புற்றுநோயே இக்கட்டுரையின் பொருள். அவுஸ்திரேலியாவில் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் கண்டறியப்படுவது இதுவே.

கருப்பைக் கழுத்தைப் பொறுத்தவரை, ‘கிருமி’ பற்றிய வழக்கு முடிந்துவிட்டது. மனிதப் பப்பிலோமா வைரஸே அங்கு ஏறக்குறைய எல்லாப் புற்றுநோய்களுக்கும் காரணம் என்பது நிறுவப்பட்டு, அதற்காக ஹரால்ட் சூர் ஹவுசன் 2008 இல் நோபல் பரிசு பெற்றார். இரைப்பையிலும் அவ்வாறே. பேர்த் நகரின் ரொபின் வாரன், பரி மார்ஷல் ஆகிய இருவரும் ஹெலிக்கோபக்டர் என்னும் பற்றீரியாவை இனங்கண்டனர். எவரும் நம்பாத நிலையில், 1984 இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 1994 இல் அது புற்றுநோய்க் காரணி என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது.

கருப்பையின் உட்படலத்தைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் விசாரணையில் உள்ளது. அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலைய ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு வந்த 31 பெண்களின் உடலிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டன. அவர்களுள் 17 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அற்றோப்போபியம், போர்பைரோமோனாஸ் என்னும் இருவகைப் பற்றீரியாக்கள் ஒருங்கே காணப்பட்டதும், யோனியின் அமிலத்தன்மை குறைந்திருந்ததும் புற்றுநோயுடன் சேர்ந்து தென்பட்டன. போர்பைரோமோனாஸ் வகையொன்று கருப்பை உட்படலக் கலங்களுக்குள் நுழைய வல்லது என்பதும் பின்னர் ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது.

சட்டம் படித்தவள் என்ற முறையில் இவ்விடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். சம்பவ இடத்தில் ஒருவர் காணப்பட்டார் என்பது சாட்சியம். அவரே குற்றவாளி என்பதற்கு அது போதாது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதனால், லக்டிக் அமிலத்தைச் சுரந்து யோனியைக் காக்கும் லக்டோபசிலஸ் பற்றீரியாக்கள் குன்றி, வேறு வகைகள் இடம் பிடிக்கின்றன. புற்றுநோயும் பெரும்பாலும் அதே வயதிலேயே வருகிறது. ஆகவே, நுண்ணுயிர் மாற்றம் நோயைக் கொணர்ந்ததா, முதுமை இரண்டையும் கொணர்ந்ததா என்ற வினா எழுகிறது. கட்டியிலிருந்து கசியும் இரத்தமே அந்நுண்ணுயிர்களுக்கு உணவளித்து அழைத்திருக்கவும் கூடும். இவற்றுக்கு மேலாக, கருப்பையின் உள்ளே நுண்ணுயிர்கள் மிகச் சொற்பம். மாதிரி எடுக்கும் கருவியிலோ ஆய்வுகூட இரசாயனத்திலோ ஒட்டியிருந்த சிறு அளவுகூட முடிவைக் குழப்பிவிடும். முப்பத்தொரு பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது; எழுதியதாக அவ்வாய்வாளர்களும் கூறவில்லை. செய்தித் தலைப்புகளே அவ்வாறு கூறின.

என் பார்வையில் இதைவிட உறுதியான தடம் குடலின் வழியே செல்கிறது. ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்படலத்தை வளரச் செய்கிறது. புரோஜெஸ்தரோன் அவ்வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. கட்டுப்படுத்துவது இன்றி வளர்ப்பது மட்டும் நெடுங்காலம் தொடர்ந்தால் புற்றுநோய் இடர் மிகும். பயன்பட்டு முடிந்த ஈஸ்ட்ரோஜனை ஈரல் வேறொரு பொருளுடன் பிணைத்து, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. அது மலத்துடன் வெளியேறவேண்டும். ஆனால் குடல் பற்றீரியாக்கள் சிலவற்றிடம் அப்பிணைப்பை வெட்டும் நொதியம் உண்டு. வெட்டப்பட்ட ஈஸ்ட்ரோஜன் மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. இப்பொறிமுறை ஐயமற்றது, ஒரு பெண்ணின் புற்றுநோய் இடரை அது எவ்வளவு கூட்டுகிறது என்பதே ஆராயப்பட்டு வருகிறது.

நன்கு நிறுவப்பட்ட காரணிகள் வேறு. உடற்பருமன் அவற்றுள் முதன்மையானது: மாதவிடாய் நின்றபின் கொழுப்பிழையமே ஈஸ்ட்ரோஜனை ஆக்குகிறது. எம்மவரிடையே மலிந்துள்ள நீரிழிவும், சூலகத்தில் நீர்க்கட்டி நோயும், மார்பகப் புற்றுநோய்க்கான தமொக்சிபென் மருந்தும், குடும்பத்தில் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருத்தலும் கவனத்துக்குரியன.

‘கருப்பைக்கு நல்ல பற்றீரியா’ என விற்கப்படும் குளிசைகள் இப்புற்றுநோயைத் தடுப்பதாக எச்சான்றும் இல்லை. தயிர் நல்ல உணவு. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கவேண்டாம். யோனியின் உட்புறத்தைத் திரவங்களால் கழுவும் வழக்கம் நற்பற்றீரியாக்களையே அகற்றுவதால் அதைக் கைவிடுவது நன்று.

கருப்பைக் கழுத்துக்கு 25 முதல் 74 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. 2022 ஜூலை முதல் அதற்கான மாதிரியைத் தாமே எடுக்கும் வசதியும் தகுதியுள்ள அனைவருக்கும் உண்டு. தவறாது செய்துகொள்ளுங்கள். ஆனால் அது வைரஸைத் தேடும் பரிசோதனை. கருப்பை உட்படலத்தைப் பார்ப்பதன்று. உட்படலப் புற்றுநோய்க்கு, அறிகுறியற்ற பெண்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லை. நோய் தானே தரும் அறிகுறியையே நாம் நம்பியிருக்கிறோம். மாதவிடாய் நின்றபின் இந்நோய்க்கு உள்ளாகும் பெண்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தப்போக்கு அதை அறிவிக்கிறது. மறுபுறம், அவ்வாறு இரத்தம் படும் 100 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கே புற்றுநோய் இருக்கும். எனவே அஞ்சி ஒளிக்கவும் வேண்டாம், வயதின் மேல் பழி போட்டு இருந்துவிடவும் வேண்டாம். மாதவிடாய் நின்று ஓராண்டின் பின் ஒரு துளி பட்டாலும், மண்ணிறக் கசிவாயினும், அந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். மாதவிடாய் நிற்காதவர்களும், இரு மாதவிடாய்களுக்கிடையே இரத்தம் பட்டாலோ போக்கு வழமைக்கு மாறாக மிகுந்தாலோ தாமதிக்கலாகாது. முதலில் பெரும்பாலும் ஸ்கான் மூலம் உட்படலத்தின் தடிப்பு அளக்கப்படும்; தேவையெனில் மெல்லிய குழாயால் சிறு இழையம் எடுக்கப்படும். கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டறியப்பட்டால் பெரும்பாலானோர் குணமடைகின்றனர்.

மகனையோ பேரப்பிள்ளையையோ மொழிபெயர்க்க அழைத்துச் சென்றதால் வந்த காரணத்தையே சொல்லாமல் திரும்பிய தாய்மாரை நான் அறிவேன். இரத்தப்போக்குக்குப் பதில் முழங்கால் வலியைச் சொல்லிவிட்டு வந்தவர்கள் அவர்கள். தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் இலக்கம் 131 450. வைத்தியர் தாமே அச்சேவையை அழைத்துத் தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம். பெண் மொழிபெயர்ப்பாளரை வேண்டிக் கேட்கலாம். கேட்டவற்றை வெளியே சொல்லாதிருக்க மொழிபெயர்ப்பாளர் கடமைப்பட்டவர். நேரம் குறிக்கும்போதே ‘தமிழ் இன்டர்பிரிட்டர், வுமன், பிளீஸ்’ என்று சொன்னால் போதும். காரணத்தை வரவேற்பு மேசையில் விளக்கவேண்டியதில்லை.