தொந்தியில் பிறந்த மத்தளம்

கேள்வி: இசைக்கருவிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பழைய கார்ட்டூன் படம் ஏதும் உண்டா? (வாசகி, கல்முனைக்குடி)

பதில்: உண்டு தங்கச்சி. டிஸ்னியின் 'டூட், விசில், ப்ளங்க் அண்ட் பூம்'. 1953இல் வந்தது, பத்து நிமிடந்தான், ஒஸ்காரும் வாங்கியது. ஆந்தை வாத்தியார் ஒருவர் வகுப்பெடுப்பார். குகை மனிதர் நால்வர்: ஒருவன் மாட்டுக்கொம்பை ஊதுவான், ஒருவன் புல்லை ஊதுவான், ஒருவன் வில்நாணைச் சுண்டுவான், கடைசி ஆள் தன் தொந்தியிலேயே தட்டுவான். எல்லா வாத்தியமும் அந்த நாலிலிருந்துதான் என்பது கதை. எனக்குப் பிடித்தது கொம்பின் கட்டம். குழாய் நீண்டால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும். நீண்ட குழாயைத் தூக்கித் திரிய முடியாமல் சுருட்டினார்கள், பிறகு வால்வு வைத்தார்கள். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பிற நாட்டாரை வரைந்த விதம் மட்டும் இன்று கொஞ்சம் உறுத்தும்.

நம்மூர் வாத்தியம் எதுவும் அதில் இல்லை. அதற்கென்ன, கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு றபான் தட்டிப் பாடும் பக்கீர் பாவாமார் வரும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். றபான் தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். நெருப்பில் சூடு காட்டினால் இறுகி, சத்தம் கணீரென்று ஏறும். தட்டிப் பார்க்கக் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.