சாவா மூவாப் பேராடும் ஊர் அருங்காட்சியகமும்

முன்னுரை

குண்டாறு ஓடியும் ஓடாமலும் கிடக்கும் வானம் பார்த்த பூமி நம்முடைய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம். கரிசலில் பருத்தியும் கம்பும் மிளகாயும், ஊருக்குள் தறியோசையும் இதன் அடையாளங்கள். இங்கே மழை பொய்த்த ஆண்டுகள் பல. ஆனால் கொடை பொய்த்த ஆண்டு இல்லை எனலாம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஊருணி, கல்விக்கூடம் எனப் பலவும் மக்கள் மனமுவந்து அளித்த பொருளால் எழுந்தவையே. எனினும், இம்மக்கள் வாழ்ந்த வாழ்வுக்குச் சான்றாகும் பொருள்களைத் தொகுத்துக் காக்கும் பணிக்கு அக்கொடை போதிய அளவில் வந்து சேரவில்லை. அதனை வரச் செய்யும் வழி யாது, வந்ததை நிலைநிறுத்தும் முறை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் செய்த பிழை

ஆராய்ச்சிக்குள் புகுமுன் நம் பிழையொன்றைச் சொல்லிவிடுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்த்துறையின் சார்பில் பழம்பொருள் கண்காட்சியொன்றை நடத்தினோம். மாணவர்கள் தத்தம் ஊர்களிலிருந்து ஓலைச்சுவடி, மரக்கால், திரிகை, பித்தளைச் செம்பு, அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படி முதலியவற்றைக் கொண்டுவந்து குவித்தனர். நெசவாளர் குடும்பத்து மூதாட்டி ஒருவர், மறைந்த தம் கணவர் நாற்பது ஆண்டுகள் எழுதிவந்த கூலிக் கணக்கு நோட்டுகளையும், அவர் கைபட்டுத் தேய்ந்த நாடாவையும் கொடுத்தனுப்பினார். கண்காட்சி சிறப்பாக நடந்தது. பாராட்டுரைகளும் பொன்னாடைகளும் குறைவின்றிக் கிடைத்தன.

விழா முடிந்ததும் பொருள்கள் யாவும் ஒரு மரப்பெட்டியில் அடைக்கப்பட்டன. யார் எதைத் தந்தார் என்னும் பதிவேடு இல்லை. பெற்றுக்கொண்டதற்குச் சீட்டும் இல்லை. மறு ஆண்டு அம்மூதாட்டி வந்து, பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று அந்நோட்டுகளைக் கேட்டார். பெட்டியைத் திறந்தோம். கரையான் தின்றது போக எஞ்சியவை அட்டைகளே. அவர் சினந்து ஏதும் கூறவில்லை. "எங்க வீட்ல ஓலைக்கூரைதான் சார், அதுலயே இத்தனை வருசம் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிச் சென்றார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பொருளைப் பெறுவது எளிது. பெற்ற பின் காப்பதே அரிது என்பதை நாம் கற்றது அன்றுதான்.

கல்வெட்டுகள் காட்டும் கொடைநெறி

காக்கும் நெறியை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். திருச்சுழிக்கு அருகில், குண்டாற்றங்கரையில் அமைந்த பள்ளிமடத்துக் கோயிற் கல்வெட்டுகளையும், தமிழகத்தின் பிற ஊர்களிலுள்ள கல்வெட்டுகளையும் பயில்வோர், விளக்குக் கொடை பற்றிய செய்தியை மீண்டும் மீண்டும் காண்பர். கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் விளக்குத் தண்டை மட்டும் தந்து அமையவில்லை, ஆடுகளைத் தந்தார். சோழ நாட்டில் பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிப்பிடுகின்றன.

ஆடு சாகாதா, மூப்படையாதா என்று மாணவர் வினவுவர். தனித்தனி ஆடு சாகும். ஆனால் ஈன்ற குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்கப்படும். முதல் அப்படியே நிற்கும். பயன் மட்டும் செலவாகும். இன்று 'மூலநிதி' எனப்படும் கருத்தை இத்துணைச் சுருக்கமாக உணர்த்தும் சொற்றொடர் பிறிதொன்றைக் காண்பது அரிது. அக்கொடையாளர் விளக்கைக் கொடுத்ததோடு, நாளைய நெய்யையும் கொடுத்தார் என்பதே நாம் கருதத்தக்கது.

நம் காலத்தில் நிகழ்வதோ வேறு. கண்ணாடிப் பேழை வாங்கித் தருவோர் உளர். அதில் தம் பெயரைப் பொறிப்போரும் உளர். அப்பேழையைத் துடைக்கும் ஊழியரின் ஊதியத்துக்கும், கரையான் மருந்துக்கும், மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கும் தருவோர் மிகச் சிலரே. விளக்குகள் பல, நெய் இல்லை.

வக்ஃபும் மகமையும்

முதலை நிறுத்திப் பயனை வழங்கும் இந்நெறி இசுலாமிய மரபில் 'வக்ஃப்' எனப்படுகிறது. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, நிலத்தை நிலைநிறுத்தி அதன் விளைவை அறவழியில் வழங்குமாறு வழிகாட்டப்பட்ட செய்தி யாவரும் அறிந்ததே. பள்ளிவாசலுக்கு விடப்பட்ட கடைகளின் வாடகையும், மதரசாவுக்கு விடப்பட்ட புஞ்சையின் குத்தகையும் இந்நெறியின் வடிவங்கள். ஆடும் கடையும் வேறு, அறம் ஒன்றே.

பெருஞ்செல்வர் மட்டுமே இதனைச் செய்தல் கூடும் என்று கருதுதல் பொருந்தாது. நம் மாவட்டமே அதற்குச் சான்று. விருதுபட்டி என வழங்கிய அன்றைய விருதுநகரில் 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை, வணிகர் தம் வாணிபத்திலிருந்து ஒதுக்கிய மகமையாலும், வீடுதோறும் பெறப்பட்ட பிடியரிசியாலும் வளர்ந்தது. 1903-இல் பிறந்த காமராசர் அப்பள்ளியிலேயே பயின்றார். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊரார் கட்டடமும் மேசை நாற்காலிகளும் தந்தனர். ஒரு பிடி அரிசி யாரையும் வறியவர் ஆக்கியதில்லை, பள்ளியைச் செல்வமுடையதாக்கியது. முந்நூறு குடும்பங்கள் திங்கள்தோறும் பத்து ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் சேரும். சிறியதோர் அருங்காட்சி அறையின் மருந்துக்கும் பழுதுபார்ப்புக்கும் இது பெருந்துணை.

அருங்காட்சியகங்கள் எழுந்த வரலாறு

பெரிய அருங்காட்சியகங்களும் சிறு கொடைகளில் தொடங்கியவையே. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல், சென்னை இலக்கியக் கழகம் அளித்த ஏறத்தாழ 1,100 கனிம, பாறை மாதிரிகளோடு தொடங்கியது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் 1951-இல் அமைந்தது. கரந்தையில் கேட்பாரற்றுக் கிடந்த பிரமன் சிலையை வெளியிலிருந்து வந்தோர் கொண்டுசெல்ல முயன்றபோது ஊரார் தடுத்ததும், மாவட்ட ஆட்சியர் அதனை அரண்மனையில் சேர்த்ததும் அதன் தோற்றத்திற்குக் காரணமாயின. கீழடியில் 1970-களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டவற்றின் அருமையை உணர்ந்து எடுத்து வைத்தவர் ஒரு பள்ளியாசிரியர். அவ்வூரில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 2023-இல். இடைப்பட்ட காலம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு. அவ்வாசிரியரின் கவனமும் ஒரு கொடையே.

செய்யத்தக்கன

மாவட்டத் தலைநகரில் அரசு அருங்காட்சியகம் உண்டு. ஆயினும் அருப்புக்கோட்டைக் குழித்தறி, தார்க்குச்சி, கமலைச் சால், ஜமாஅத் கணக்கேடு, மகமைக் கணக்கு ஆகியவற்றின் கதையை அவற்றைப் பயன்படுத்திய மக்களின் நடுவே வைத்துச் சொல்வதற்குக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் சிறு காட்சியறைகள் வேண்டும். அவற்றுக்கு நாம் முன்வைப்பன ஐந்து.

1. பதிவேடு. பொருளின் பெயர், அளவு, தந்தவர் பெயர், ஊர், நாள், அப்பொருளின் கதை ஆகியன வந்த அன்றே எழுதப்படல் வேண்டும். கதையற்ற பொருள் பாதிப் பொருளே.

2. ஒப்புதல் சீட்டு. தந்தது கொடையா, திரும்பப் பெறும் இரவலா என்பதைத் தெளிவாக எழுதி, இருபடிகளில் கையொப்பமிட்டு, ஒரு படியைத் தந்தவரிடம் அளித்தல் வேண்டும்.

3. மூலநிதி. வரும் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிடாமல் நிறுத்துதல் வேண்டும். வட்டியை விரும்பாதோர் கடை ஒன்றை வக்ஃபாக விட்டு, அதன் வாடகையைப் பராமரிப்புக்கு ஒதுக்கலாம்.

4. சட்டம் அறிதல். மண்ணிலிருந்து வெளிப்படும் புதையலை 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களையும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புடைய கையெழுத்துப் படிகளையும் தொல்பொருள்களாகக் கொள்கிறது. ஐயம் எழுந்தால் தொல்லியல் துறையினரை அணுகுதல் நன்று.

5. கணக்குக் காட்டுதல். வரவும் செலவும் ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படல் வேண்டும். கணக்கு வெளிப்பட்ட இடத்தில் கொடை மறுமுறையும் வரும்.

பணம் தர இயலாதார் உழைப்பைத் தரலாம். மாணவர் ஒருவர் வாரம் ஒரு மணிநேரம் தூசு துடைத்துப் பதிவேட்டைச் சரிபார்ப்பாராயின், அதுவும் உழக்கு நெய்யே ஆகும்.

முடிவுரை

பழங்கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் ஒரு வேண்டுதல் உண்டு. இந்த அறத்தைப் பிற்காலத்தில் காப்பவர் எவரோ, அவருடைய அடி தம் தலைமேல் என்று கொடையாளர் பணிந்து கூறுவார். மன்னரும் தம் முடியைத் தாழ்த்தியது, இன்னும் பிறவாத ஒரு காவலருக்கு. தந்தவரினும் காப்பவரை உயர்த்திய மரபு அது.

அம்மூதாட்டிக்கு நாம் பட்ட கடனைத் திருப்பித் தர இயலாது. அந்நோட்டுகளில் இருந்த நாற்பது ஆண்டுக் கூலிக் கணக்கை இனி எந்த ஆய்வாளரும் படிக்கப் போவதில்லை. இன்று நம் துறையில் ஒரு பதிவேடு உள்ளது. அதன் முதற் பக்கத்தில், கிடைக்காமற் போன அந்நோட்டுகளையும் நாடாவையும் குறித்து, 'நம் காவலில் அழிந்தது' என எழுதி வைத்துள்ளோம். இரண்டாம் பக்கம் முதல் மாணவர்களும் ஊர்ப் பெரியோரும் எழுதுவார்களாக.